கலைச்சொல்: எழுத்தில் ஒன்றுபோல முடிந்தும் ஒலியில் ஒவ்வாத சொற்களின் 'ஐ ரைம்' (eye rhyme) என்பதற்குக் 'கண்ணியைபு' பொருந்துமா?

> பேசாமல் 'எழுத்தியைபு' என்று வைத்துவிடலாமே. யாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். நன்னூலார் ஒலியைத்தான் எழுத்து என்கிறார். நாம் பெயர் தேடுவதோ ஒலி ஒவ்வாமல் வரிவடிவம் மட்டும் ஒத்துப்போவதற்கு.

ஆங்கிலத்தில் ஓ, யு, ஜி, எச் என்று முடியும் சொற்களைப் பாருங்கள். ரஃப், தோ, த்ரூ எல்லாம் பள்ளியிலேயே நம்மைப் படுத்தியவை. அகராதியின் மூலையில் கிடப்பவை இன்னும் சுவை. செங்கால் உள்ள ஒரு காக்கை இனம் 'சஃப்'. வட இங்கிலாந்தில் செங்குத்தான சிறு பள்ளத்தாக்கு 'க்ளஃப்'. அயர்லாந்து ஏரி 'லாக்'. குதிரையின் பின்னங்கால் மூட்டு 'ஹாக்'. அதை இப்போது வேறு எழுத்துக்கூட்டலில்தான் எழுதுகிறார்கள். எனக்குப் பிடித்தது இது: 'ஸ்லஃப்' என்றால் பாம்புச் சட்டை, அதே எழுத்துகளை 'ஸ்லவ்' என்று படித்தால் சேற்றுநிலம்!

இவற்றில் பலவற்றின் கடைசி இரண்டு எழுத்தும் ஒருகாலத்தில் தொண்டையை உரசி வந்த ஒலிக்கு உரியவை. பிறகு அது சில சொற்களில் 'ஃப்' ஆனது, சிலவற்றில் காணாமலே போனது. எழுத்துக்கூட்டல் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

ஈறு ஒத்தால் நமக்கு இயைபு. கண்ணுக்கு மட்டும் இயைவதால் கண்ணியைபு.

> தாயுமானவரின் பராபரக்கண்ணி நினைவுக்கு வருகிறதே. பாவகைக் 'கண்ணி'யோடு குழம்பாதா?

நல்ல கேள்வி அம்மா, நானும் ஒரு நாள் முழுக்கத் தயங்கினேன். புணர்த்திப் பார்த்ததும் தெளிந்தது. கண்ணி + இயைபு என்றால் உடம்படுமெய் வந்து 'கண்ணியியைபு' ஆகும். கண் + இயைபு என்றால்தான் தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டித்துக் 'கண்ணியைபு'. ஒரு 'யி' நம்மைக் காப்பாற்றிவிடுகிறது.

'வரியியைபு' என்று இன்னொருவர் சொன்னதும் மோசமில்லை. ஆனால் இயைபு என்பதே அடிகளின் இறுதியில் அமைவது. வரி என்றதும் பாட்டின் வரிதான் நினைவுக்கு வரும். வருமான வரியும் வந்து தொலைக்கும்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. 'பென்', 'சைக்காலஜி' இரண்டும் எழுத்தில் பி-யில்தான் தொடங்குகின்றன, ஒலியில் ஒத்துப்போவதில்லை. இதைக் 'கண்மோனை' எனலாமா?