ஜெர்மன் கற்கத் தாய்மொழியாளரா, தமிழறிந்த ஆசிரியரா?

வைகைக்கரை:
வணக்கம். மதுரையில் செவிலியராகப் பணிபுரிகிறேன். ஜெர்மனியில் செவிலியராகப் பதிவு பெற, ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்ற ஆறு மொழித்திறன் நிலைகளில் பெரும்பாலும் பி2 நிலை கேட்கப்படுவதால், தொடக்க நிலையான ஏ1-இலிருந்து ஜெர்மன் கற்க இருக்கிறேன். அந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் இணையவழியில் கற்பிக்கிறார், கட்டணம் அதிகம். சென்னையைச் சேர்ந்த தமிழ் ஆசிரியை ஒருவர் ஏறத்தாழப் பாதிக் கட்டணமே கேட்கிறார். தாய்மொழியாளரிடம் கற்றால்தான் உச்சரிப்பு வசப்படும் என்று உடன் பணிபுரிவோர் அடித்துச் சொல்கிறார்கள். யாரிடம் சேர்வது?

நெடில்:
தொடக்கத்துக்குத் தமிழ் ஆசிரியையே நல்லது. தமிழர் எங்கே தடுமாறுவார்கள், எதை எளிதில் பிடித்துக்கொள்வார்கள் என்பது அதே வழியில் வந்தவருக்குத்தான் முன்கூட்டியே தெரியும். 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதைப் போலவே ஜெர்மானியரும் சொல்வதுண்டு; ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் தனி விதியாக மனப்பாடம் செய்யும் இதை, தமிழில் ஒருவர் எடுத்துக்காட்டினால் நொடியில் விளங்கிவிடும். துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போவதும் நமக்குப் புதிதன்று. உச்சரிப்பையும் அப்படியே சொல்வேன். யு எழுத்தின் மேல் இரு புள்ளியிட்டால் வரும் ஒலி எனக்கு நெடுநாள் பிடிபடவில்லை. 'ஈ' என்று ஒலித்துக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதடுகளை மட்டும் 'ஊ'வுக்குக் குவிக்கும்படி என் தமிழ் ஆசிரியர் சொன்ன அன்றே அது வந்துவிட்டது.

வடகடல்:
ஹாம்பர்க் மருத்துவமனை ஒன்றில் பணிபுரிகிறேன். மேலே சொன்னது பி1 வரை முற்றிலும் சரி; அதற்குப் பின் தாய்மொழியாளரின் பேச்சைக் கேட்டுப் பழகாமல் இங்கு வராதீர்கள். 'ஹாபென்' என்று படித்த சொல், நோயாளியின் வாயில் 'ஹாம்' என்று சுருங்கிவிடும். பணிமுறை மாறும்போது நோயாளிகளின் நிலையை ஒப்படைக்கும் செவிலியர் நமக்காக நிறுத்தி நிதானமாகப் பேசமாட்டார். அங்கே ஓர் எண்ணைத் தவறாகக் கேட்டாலும் ஆபத்து. தெற்கே பவேரியாவுக்குப் போனால் வட்டார வழக்கே வேறு. தேர்வை மட்டும் கருதினால் இவ்வளவு கவலை வேண்டாம்: ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோத்தே நிறுவனத்தின் பி2 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்ற நான்கு பகுதிகளிலும் நூற்றுக்கு 60 மதிப்பெண் வேண்டும்; உச்சரிப்பு, பேசுதல் பகுதியில் மதிப்பிடப்படும் கூறுகளுள் ஒன்று, அவ்வளவே.

கரும்பலகை:
நான் மொழி கற்பிப்பவன். பிறப்பையே ஆசிரியத் தகுதியாகக் கருதுவது எனக்கு வருத்தமளிக்கிறது. ஆங்கிலம் கற்பிக்க உகந்தவர் தாய்மொழியாளரே என்ற எண்ணத்துக்கு, 1961இல் உகாண்டாவின் மக்கரேரேயில் ஆங்கிலக் கற்பித்தல் குறித்துக் கூடிய காமன்வெல்த் மாநாடு வலுவூட்டியது. 1992இல் மொழியியலாளர் ராபர்ட் பிலிப்சன் அதை ஆதாரமற்ற நம்பிக்கை என்று விரிவாக மறுத்தார். ஆனாலும் விளம்பரங்களில் அது இன்றும் விலைபோகிறது. இருவரிடமும் மாதிரி வகுப்புக் கேளுங்கள். தவறான வாக்கியம் ஒன்றைச் சொல்லி, அது ஏன் தவறு என்று வினவுங்கள். 'நாங்கள் அப்படிப் பேசுவதில்லை' என்பதோடு நிறுத்துபவர், ஏ1 மாணவருக்கு ஏற்ற ஆசிரியர் அல்லர், அவர் பெர்லினில் பிறந்தவரே ஆனாலும். தமிழ் ஆசிரியையிடம் சேர்ந்தால், மிச்சமாகும் கட்டணத்தைப் பி1 முடித்தபின் ஜெர்மானியரோடு உரையாடும் வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மருத்துவமனையில் பணியாற்றியவராகத் தேடுங்கள்.