ஒரே குளத்தில் மூன்று இறால்: குஞ்சில் கலப்படமா, ஒரே இனமா?

வடகரை விவசாயி:
கொள்ளிடத்துக்கு வடக்கே அரை ஏக்கர் குளத்தில் நன்னீர் இறால் விட்டு ஏழு மாதம் ஆகிறது. நேற்று வலை இழுத்தோம். தட்டில் கொட்டினால் மூன்று விதம். ஒன்றுக்குக் கருநீலக் கொடுக்கு. உடம்பை விட நீளம், மேலெல்லாம் முள். இரண்டாவது நல்ல பருமன், கொடுக்கு ஆரஞ்சு நிறம். மூன்றாவது என் சுண்டுவிரல் அளவுதான்; கொடுக்கு கண்ணாடி போல இருக்கிறது. எல்லாம் ஒரே நாளில் ஒரே பொரிப்பகத்தில் வாங்கிய குஞ்சு. மூன்று இனத்தைக் கலந்து என் தலையில் கட்டிவிட்டார்கள் என்பதே என் முடிவு. மறுப்பவர்கள் காரணம் சொல்லி மறுக்கவும்.

விலங்கியல் ஆசிரியை:
ஐயா, காரணம் சொல்லியே மறுக்கிறேன். மூன்றும் மேக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கி என்ற ஒரே இனத்தின் ஆண்கள். இந்த இனத்தில் வளர்ந்த ஆண்கள் மூன்று உருவங்களில் இருக்கும்: சிறிய ஆண், ஆரஞ்சுக் கொடுக்கு, நீலக் கொடுக்கு. 1980களில் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் இதை விரிவாக எழுதினார்கள். நீலக் கொடுக்குதான் குளத்தின் நாட்டாண்மை. இடம் பிடித்துக்கொண்டு, பெண்ணைக் காவல் காத்து இணை சேரும். வளர்வது ஏறக்குறைய நின்றுவிடும். ஆரஞ்சுக் கொடுக்கு இணை சேர்வதில் அதிக நாட்டம் காட்டாது. தின்று வளர்வதே அதன் வேலை. சிறிய ஆண் பெரியவற்றின் காலுக்கடியில் பதுங்கியிருந்து, சமயம் பார்த்துப் பெண்ணிடம் ஓடும்.

வடகரை விவசாயி:
அம்மா, நான் நெல்லும் போடுகிறவன். ஒரே விதை விதைத்த வயலில் நாலு பயிர் தலை தூக்கி நின்றால் அதைக் கலவன் என்று பிடுங்கிப் போடுவோம். யாரும் அதற்கு ‘உருவம்’ என்று பெயர் வைப்பதில்லை. ஒரே தீவனம், ஒரே தண்ணீர். ஒன்று கையளவு, ஒன்று விரலளவு. இதை எப்படி ஒரே இனம் என்று நம்புவது?

விலங்கியல் ஆசிரியை:
நெற்பயிர் பக்கத்துப் பயிரைப் பார்த்துப் பயந்து குள்ளமாவதில்லை. இந்த இறால் அப்படி ஆகிறது. பெரிய ஆண்கள் சுற்றி இருக்கும்வரை சிறியது அடங்கிக் கிடக்கும். பெரியவற்றை அகற்றுங்கள், அது வளரத் தொடங்கும். ஆரஞ்சாகும், பிறகு நீலமாகும். இந்த வரிசை ஒருபோதும் பின்னோக்கிப் போகாது. ஆரஞ்சுக் கொடுக்கு எப்போது நீலமாகிறது என்பதையும் கேளுங்கள். சுற்றுவட்டாரத்தில் உள்ள மிகப் பெரிய நீலக் கொடுக்கைத் தன் உடல் அளவில் மிஞ்சிய பிறகுதான் மாறுகிறது. பச்சைக்குதிரை தாண்டுவது போல, புதிதாக வருகிற ஒவ்வொரு நாட்டாண்மையும் பழையவனை விடப் பெரியவன். ஆண்களில் பத்துக்கு ஐந்து சிறியவை, நான்கு ஆரஞ்சு, ஒன்று நீலம் என்பது பல குளங்களில் கண்ட விகிதம். உங்கள் தட்டில் எண்ணிப் பாருங்கள்.

பழம்பெயர்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். ஆசிரியை ‘ஒரே இனம்’ என்று அடித்துச் சொல்கிறார். இந்தப் பெயருக்குள் இரண்டு இனங்கள் இருந்தன என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். 1973இல் ஜான்சன் என்பவர் கிழக்கு, மேற்கு என்று இரண்டு துணையினங்களாகப் பிரித்தார். 2004இல் டி புரூயினும் அவருடைய கூட்டாளிகளும் மரபணுவைப் பார்த்து, ஆசியப் பக்கத்து உயிரினங்களையும் ஆஸ்திரேலியப் பக்கத்து உயிரினங்களையும் பிரிக்கும் ஹக்ஸ்லி கோட்டுக்கு இருபுறமும் ஆழமான பிளவு இருப்பதைக் காட்டினார்கள். இந்தியாவிலிருந்து ஜாவா, போர்னியோ வரை ஒன்று. சுலவேசி, நியூ கினி, வட ஆஸ்திரேலியாப் பக்கம் இன்னொன்று. 2007இல் வோவோரும் பீட்டர் இங்கும் அவற்றைத் தனித்தனி இனங்கள் என்றே எழுதினார்கள். நூறாண்டுக்கு மேல் ஒன்று என்று நம்பியது இரண்டாகிவிட்டது. விவசாயி சந்தேகப்பட்டதில் என்ன தவறு?

விலங்கியல் ஆசிரியை:
சந்தேகப்பட்டது தவறு என்று நான் சொல்லவில்லை. நீங்கள் கொண்டுவந்த சான்றுதான் இந்தக் குளத்துக்குப் பொருந்தவில்லை. கிழக்கு இறாலும் மேற்கு இறாலும் அருகருகே வைத்தால், கைதேர்ந்தவர்களே நுணுகிப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். இவர் தட்டில் இருப்பவையோ எட்டடி தூரத்திலிருந்தே வேறுவேறாகத் தெரிகின்றன. பார்வைக்கு ஒன்றாகத் தெரிவது இரண்டு இனம். மூன்றாகத் தெரிவது ஒரே இனம். இந்த இறாலில் கண்ணை மட்டும் நம்பக் கூடாது என்பதற்காகத்தான் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இதையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன்.

மீன்லாரி:
நான் வாங்கி விற்கிறவன். எனக்கு நீலக் கொடுக்கு வேண்டாம். எடையில் பாதி தலையும் காலுமாகப் போய்விடுகிறது. வாங்குபவர் முகம் சுளிக்கிறார். ஆரஞ்சு வந்தால் கேட்ட விலை கொடுப்பேன். இனம் ஒன்றா மூன்றா என்பதை நீங்கள் பேசி முடியுங்கள்.

பழம்பெயர்:
ஆசிரியை சொன்ன பெயர் பற்றியே எனக்கு வழக்கு உண்டு. 1879இல் டி மான் ‘ரோசன்பெர்கி’ என்று பெயரிட்டது நியூ கினியின் அந்தாய் என்ற இடத்து இறாலுக்கு. பெயரியல் விதிப்படி அந்தப் பெயர் கிழக்கு இனத்துக்கே உரியது. நம் ஆறுகளில் இருக்கும் மேற்கு இனத்துக்கு ‘டாக்கெட்டி’ என்ற பெயர் காத்திருந்தது. 2007 கட்டுரை அப்படித்தான் எழுதியது. பிறகு என்ன ஆயிற்று? பண்ணைகளில் வளர்ப்பது மேற்கு இனம், உலகம் முழுக்க அதைத்தான் ரோசன்பெர்கி என்று அழைக்கிறார்கள் என்று காரணம் காட்டி, விலங்கியல் பெயர்களுக்கான பன்னாட்டு ஆணையத்திடம் போனார்கள். ஆணையமும் பெயரைத் தாங்கும் மாதிரியை, அதாவது ஒரு பெயர் எந்த இனத்துக்கு உரியது என்று தீர்மானிக்கும் அந்த ஒற்றை இறாலை, மாற்றிக்கொடுத்தது. பெயர் பிறந்த ஊரில் இருக்கிற இறாலுக்குப் பெயர் பறிபோய், அது இப்போது ‘ஸ்பினிபெஸ்’. வியாபார வசதிக்காக வரலாற்றைத் திருத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

விலங்கியல் ஆசிரியை:
உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் ஏற்கவில்லை. அந்த விண்ணப்பத்தைக் கொடுத்தவர்களே வோவோரும் இங்கும்தான். பிரித்துக் காட்டிய அதே கை, பெயர்க் குழப்பத்தையும் தடுக்க முன்வந்தது. 1961இல் மலேசியாவில் ஷாவோ-வென் லிங், இந்த இறாலின் குஞ்சுப் பருவத்துக்கு உவர்நீர் தேவை என்று கண்டறிந்தார். அதன்பின் ஹவாயில் புஜிமுரா பெருமளவில் குஞ்சு உற்பத்தி செய்தார். அன்றுமுதல் வந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகள், கையேடுகள் எல்லாம் மேற்கு இனத்தைப் பற்றியவை, எல்லாம் ரோசன்பெர்கி என்ற பெயரில். அதே பெயரை வேறொரு இறாலுக்கு மாற்றினால், நாளை ஒரு மாணவி பழைய கட்டுரையைப் படித்து எந்த இறால் என்று தெரியாமல் விழிப்பாள். நம் பழைய நூல்களில் இது ‘பேலிமான் கார்சினஸ்’ என்று இருக்கும். அந்தப் பெயர் உண்மையில் அமெரிக்க இறாலுக்கு உரியது. அந்தக் குழப்பத்தில் நானே ஒரு வாரம் உழன்றிருக்கிறேன்.

பழம்பெயர்:
மாணவி விழித்தால் விளக்கக் குறிப்பு எழுதலாம். மாதிரியை மாற்ற வேண்டியதில்லை. இதில் நம் இருவருக்கும் ஒத்துப்போகாது.

வடகரை விவசாயி:
நீங்கள் இருவரும் நியூ கினிக்குப் போய்விட்டீர்கள். என் குளத்துக்கு வாருங்கள். வீட்டிலேயே பார்த்து முடிவு செய்ய வழி இருக்கிறதா?

விலங்கியல் ஆசிரியை:
இருக்கிறது. தலைக்கு முன்னால் நீளும் ரம்பக் கொம்பைப் பாருங்கள். ரோசன்பெர்கிக்கு அது நீளமாக, நுனி மேல்நோக்கி வளைந்திருக்கும். மேலே 11 முதல் 14 பல், கீழே 8 முதல் 10 பல். அடுத்து, மல்லாத்திப் பிடித்து, கடைசி ஜோடி நடைக்கால்களின் அடியைப் பாருங்கள். ஆணுக்குத் துளை அங்கே இருக்கும். பெண்ணுக்கு மூன்றாம் ஜோடியின் அடியில். பெரிய நீலக் கொடுக்கின் அசையும் விரலை மட்டும் தடவிப் பாருங்கள். வெல்வெட் துணி போல மென்மயிர் இருக்கும். அசையாத விரலில் இருக்காது. மூன்று விதத்திலும் பத்துப் பத்து எடுத்து எண்ணிச் சொல்லுங்கள்.

வடகரை விவசாயி:
இன்று காலை எண்ணினேன். மகள் கைப்பேசி வெளிச்சம் காட்டினாள், நான் ஊசிமுனையால் பல் எண்ணினேன். நீலத்தில் பத்தும் மேலே 12 அல்லது 13, கீழே 9 அல்லது 10. ஆரஞ்சிலும் அப்படியே. வெல்வெட் சொன்னபடியே இருந்தது. விரல் வைத்ததும் தெரிந்துவிட்டது. சிறியவற்றில் ஏழுக்கு அதே கணக்கு, அத்தனையும் ஆண். ஆனால் மூன்று மட்டும் ஒத்துவரவில்லை. கொம்பு குட்டை, அடியில் மேடு தட்டியிருக்கிறது, கீழ்ப்பற்கள் குறைவு. ஆக நான் சொன்ன கலப்பு கொஞ்சமாவது உண்மைதானே?

விலங்கியல் ஆசிரியை:
உண்மைதான் ஐயா, ஒப்புக்கொள்கிறேன். அந்த மூன்றும் பெரும்பாலும் மேக்ரோபிராக்கியம் மால்கம்சோனி, நம் காவிரி, கோதாவரி இறால். கீழணைப் பக்கம் காலம்காலமாகப் பிடிபடுவது. குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள்?

வடகரை விவசாயி:
வாய்க்காலிலிருந்து. வாய்க்கால் கொள்ளிடத்திலிருந்து. மடையில் வலை கட்டியிருந்தேன். ஐப்பசி மழையில் கிழிந்தது. பதினைந்து நாள் கழித்துத்தான் மாற்றினேன்.

பழம்பெயர்:
அப்படியானால் பொரிப்பகத்தின் மீது சொன்ன பழியைத் திரும்பப் பெறுவதுதான் முறை.

வடகரை விவசாயி:
கலந்து கொடுத்தார்கள் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் இப்படி மூன்றாகப் பிரியும் என்று குஞ்சு விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது. ஏழு மாதம் சும்மா விட்டதில் சிறியவை பாதி குளத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. அம்மா, அடுத்த முறை நாலாவது மாதமே வலை போட்டு நீலத்தை மட்டும் எடுத்துவிடலாமா?

விலங்கியல் ஆசிரியை:
நீலத்தையும், விற்கும் பருமன் வந்த ஆரஞ்சையும் சேர்த்தே எடுங்கள். கண்ணி பெரிதாக உள்ள வலை போதும், சிறியவை நழுவிவிடும். மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி வலை போடுங்கள், நழுவியவை எந்த நிறத்தில் வருகின்றன என்று பார்த்து இங்கே எழுதுங்கள்.

மீன்லாரி:
நாலாவது மாதம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஐஸ் பெட்டி கொண்டு வருகிறேன்.