தேரி மணலுக்கும் நான்குவழிச் சாலைக்கும் ஒரே வண்டி: எக்ஸ்பல்ஸ் 210ஆ, ஹிமாலயன் 450ஆ?

உடன்குடிக்காரன்:
மதுரையில் வேலை, ஊர் உடன்குடி பக்கம். மாதம் இரண்டு தடவை போய் வருகிறேன். தூத்துக்குடி வரை நான்குவழிச் சாலை, அப்புறம் திருச்செந்தூர் ரோடு. ஊரில் பனைவிளைக்கு (பனந்தோப்புக்கு) தேரி மணலில்தான், அதாவது செம்மணல் மேட்டில்தான் போக வேண்டும், இப்போதிருக்கும் 125 சிசி வண்டி ஐம்பதடி போவதற்குள் புதைந்துவிடுகிறது. ஒரு வண்டிதான் வாங்க முடியும். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 210, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450, இந்த இரண்டு பைக்கில் எது? உயரம் ஐந்தடி ஆறு அங்குலம், எடை 62 கிலோ. ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

நாலுவழிச்சாலை:
ஹிமாலயன், யோசிக்கவே வேண்டாம் தம்பி. மாதம் 700 கிலோமீட்டர் தார் ரோட்டில் ஓட்டப்போகிறீர்கள், மணலில் மொத்தமாக இருபது கிலோமீட்டர் வருமா? எஞ்சின் சக்தி எக்ஸ்பல்ஸில் 24.6 பிஎஸ் (குதிரைத்திறன்), ஹிமாலயனில் 40 பிஎஸ். இழுக்கிற பலமான டார்க் 20.7க்கு எதிரே 40 நியூட்டன் மீட்டர், அதாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எட்டயபுரம் பக்கம் ஆடி மாதத்தில் பக்கவாட்டில் அடிக்கிற காற்றில், ஒரு டிரெய்லர் லாரியைத் தாண்டி வெளியே வரும்போது வண்டியைத் தூக்கி ஓரத்தில் வைப்பதுபோல் இருக்கும். அந்த இடத்தில் எடையும் வேணும், கையைத் திருகினால் சட்டென்று போகிற சக்தியும் வேணும்.

கரிசல் ரைடர்:
கிலோமீட்டர் கணக்குப் போட்டால் உங்கள் பேச்சு சரிதான் அண்ணாச்சி. ஆனால் அவர் வண்டி மாற்றுவதே அந்த இருபது கிலோமீட்டருக்காக. தார் ரோட்டுக்கு மட்டும் என்றால் இருக்கிற 125ஐயே வைத்துக்கொள்ளலாமே.

ஹிமாலயன் 196 கிலோ, எக்ஸ்பல்ஸ் 170க்குள். இடையில் இருப்பது ஏறக்குறைய ஒரு நிரம்பிய கேஸ் சிலிண்டர். என்னிடம் முன்பு 200 கிலோவை ஒட்டிய வண்டி ஒன்று இருந்தது. தேரிக்குடியிருப்பு கோயிலுக்குப் போய்விட்டுக் குறுக்கு வழியாக வரும்போது மணலில் பயந்துபோய் முன் பிரேக்கைத் தொட்டுவிட்டேன், தப்பு என்னுடையதுதான். முன்சக்கரம் மடங்கி வண்டி சாய்ந்தது. ஹேண்டில்பாரைப் பிடித்துத் தூக்கினால் சக்கரம் வழுக்கிக்கொண்டு நகர்கிறது, காலை ஊன்றினால் கணுக்கால்வரை உள்ளே போகிறது. டேங்க் மூடியோரம் பெட்ரோல் சொட்டச்சொட்ட அந்தச் செம்மண்ணில் கருப்பாக ஒரு வட்டம் விரிந்துகொண்டே போனது, அதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். பனையேறி ஒருவர் வந்து பின்பக்கம் பிடித்த பிறகுதான் நிமிர்ந்தது. 62 கிலோ ஆள் தனியாகப் போகிற இடம் இது, இதை நினைத்துப் பாருங்கள்.

நாலுவழிச்சாலை:
நீங்களே சொல்கிறீர்கள், பிரேக் பிடித்ததால் விழுந்தது என்று. மணலில் ஓட்டத் தெரிந்தால் எடை பெரிய தடையே இல்லை. எழுந்து நின்று, உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, ஆக்சிலரேட்டரை விடாமல், ஹேண்டில்பாரை இறுக்காமல் ஆடவிட்டு ஓட்ட வேண்டும். டயர் காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்க வேண்டும். சஸ்பென்ஷன் மேலும் கீழும் அசைகிற தூரத்தைப் பார்த்தால் ஹிமாலயனில் முன்னும் பின்னும் 200 மிமீ, எக்ஸ்பல்ஸில் 210, 205. தரை இடைவெளி ஹிமாலயனில் 230, எக்ஸ்பல்ஸில் 220. சீட் உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். இதில் எக்ஸ்பல்ஸ் எங்கே முந்தியது?

இன்னொன்று. ஹிமாலயனுக்கு டியூப்லெஸ் ஸ்போக் வீல் கிடைக்கிறது. காற்றை இறக்கிய டியூப் டயர் கல்லில் அடிபட்டால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கிக் கிழியும். கருவேல முள் குத்தினாலும் அதே கதை. தேரி ஓரத்தில் வெயிலில் சக்கரத்தைக் கழற்றியிருக்கிறீர்களா?

கரிசல் ரைடர்:
கழற்றியிருக்கிறேன், அதனால்தான் டியூப்லெஸ் விஷயத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன். அது உண்மையான வசதி. ஆனால் ஓட்டத் தெரிந்தால் என்கிறீர்களே, ஓட்டத் தெரிவதற்கு முன்னால் முப்பது நாற்பது தடவை விழ வேண்டும். ஒவ்வொரு தடவையும் தூக்க வேண்டும். நாலாவது தடவையிலேயே முதுகு விட்டுப்போனால் அந்த ஆள் மணல் பக்கமே போக மாட்டார். எடை குறைந்த வண்டியில்தான் கால் பழகும்.

ஐப்பசி மழையில் எங்கள் கரிசல் காட்டுக்கு வந்தால் இன்னொன்றும் தெரியும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அப்பி, சக்கரமே சுற்றாமல் நின்றுவிடும், குச்சியை வைத்து நோண்டி நோண்டி எடுக்க வேண்டும். எக்ஸ்பல்ஸில் முன் மட்கார்டு டயரை விட்டு மேலே நிற்கிறது. பின்சக்கரம் 18 அங்குலம், ஹிமாலயனில் 17. பெரிய கட்டை வைத்த டயர் தேடும்போது 18க்குத்தான் நிறையக் கிடைக்கும்.

மெக்கானிக் மகன்:
காசைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையான வண்டிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18ஆக இறங்கியது, 350க்கு மேல் 40 ஆனது. எக்ஸ்பல்ஸின் 210 சிசி ஒரு பக்கம், ஹிமாலயனின் 452 சிசி இன்னொரு பக்கம். வித்தியாசம் லட்சத்தைத் தாண்டும். எக்ஸ்பல்ஸை எடுத்து மிச்சத்தில் கணுக்காலை மூடுகிற நல்ல பூட்ஸ், முட்டிக் கவசம், ஒரு கால் பம்பு வாங்குங்கள். காற்றை இறக்கிவிட்டு அப்படியே நான்குவழிச் சாலையில் ஏறுபவர்களை நிறையப் பார்க்கிறேன், டயர் சூடேறி ஆபத்து, தயவுசெய்து நிரப்பிவிட்டு ஏறுங்கள்.

அப்புறம், தேரியில் வனத்துறைக்குச் சொந்தமான பகுதிக்குள் எந்த வண்டியானாலும் அனுமதியில்லாமல் இறங்காதீர்கள். விளைக்குப் போகிற வண்டிப்பாதை போதும்.

நாலுவழிச்சாலை:
காசு விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வாரம் தவறாமல் இந்த ரோட்டில் ஓட்டுகிறவன் சொல்கிறேன், கல்யாணமாகி பின்னால் ஆளும் பையும் ஏறினால் 20 நியூட்டன் மீட்டர் ரொம்பவே திணறும். டெஸ்ட் ரைடை ஷோரூம் தெருவில் முடிக்காதீர்கள், ரிங் ரோடுவரை கேளுங்கள்.

உடன்குடிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று சித்தப்பா மகனின் நண்பருடைய ஹிமாலயனை விளை ஓரத்தில், அவர் அனுமதியோடு, பழைய சாக்கு விரித்துச் சாய்த்துவைத்துத் தூக்கிப் பார்த்தேன். முதுகைக் காட்டி உட்கார்ந்து காலால் உந்தியதில் கெட்டித் தரையில் நிமிர்ந்துவிட்டது. அப்படியே மணலில் மூன்று தடவை முயன்றேன், ஒரு தடவைகூட முடியவில்லை. எக்ஸ்பல்ஸ் வைத்திருப்பவர் யாராவது திருச்செந்தூர் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், சாக்கு நானே கொண்டுவருகிறேன்.