ஏழு வயதுப் பிள்ளைக்கும் ஐயாமாருக்கும் சேர்த்துப் பட்டம் கட்டப் பழக்குவது எப்படி?

வடமராட்சியான்:
பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை எங்கள் சனசமூக நிலையத்தில் பட்டம் கட்டப் பழக்கப் போகிறோம். பெயர் கொடுத்தவர்களில் ஏழு வயதுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், பேரப்பிள்ளை கண்ட ஐயாமாரும் இருக்கிறார்கள், இதுவரை நூலே பிடிக்காத அம்மாமாரும் வருகிறார்கள். வல்வெட்டித்துறைப் பட்டப் போட்டியைப் பார்த்த பிறகு எல்லோருக்கும் பெரிய பட்டத்தில்தான் கண். எதில் தொடங்கலாம்? வயதுப்படி பிரிப்பதா?

கொக்குப்பட்டம்:
தம்பி, அன்றைக்கே கட்டி அன்றைக்கே ஏற்றக்கூடிய பட்டமாக இருக்கவேணும். அதற்கு நாலுமூலைதான் சரி: நேராக ஒரு குச்சி, குறுக்கே வில்லாக வளைத்த ஒரு குச்சி, மேலே மெல்லிய ரிசு பேப்பர், கீழே வால், அவ்வளவு போதும். கொக்கு, பிராந்து, எட்டுமூலை மாதிரிப் பட்டங்கள் எல்லாம் அடுத்த வருசம் பார்க்கலாம். மூங்கிலை முதல் நாளே பெரியவர்கள் சீவி வைக்கட்டும், பிள்ளைகளிடம் கத்தி வேண்டாம். ஆனால் வளைக்கிற குச்சியின் நடுவில் நூல் கட்டித் தூக்கி, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிற வேலையை ஒவ்வொருவரும் தானே செய்யவேணும். பாரமான பக்கத்தைக் கொஞ்சம் சுரண்டிச் சமப்படுத்தாவிட்டால் பட்டம் மேலே போய் ஒரே பக்கமாகச் சுற்றும், அதற்கு வாலை நீட்டி நீட்டிப் பயனில்லை.

ரீச்சர் அக்கா:
வயதுப்படி பிரிக்காதீங்கோ. ஒரு பாயில் ஒரு பிள்ளை, ஒரு ஐயா, புதிதாகப் பழகுகிற ஒருவர் என்று இருத்துங்கோ. ஒரு நிபந்தனை மட்டும் கட்டாயம்: ஐயா வாயால் சொல்லலாம், பிள்ளையின் பட்டத்தில் கை வைக்கக்கூடாது, இல்லாவிட்டால் பத்து நிமிசத்தில் முழுப் பட்டத்தையும் அவரே கட்டி முடித்துவிடுவார், பிள்ளை சும்மா பார்த்துக்கொண்டு இருக்கும்.

முச்சையை, அதுதான் பட்டத்தில் கட்டி ஏற்றுகிற நூலோடு முடிச்சுப் போடுகிற நூலை, நிலையத்துக்குள் வைத்து விளக்குவதைவிட, கடற்கரையில் காற்றுக்கு நடுவே பழக்குவது நல்லது. முடிச்சைத் தலைப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் பட்டம் காற்றுக்குப் படுத்து, இழுவை குறையும், பலத்த காற்றுக்கு அது சரி. அளவுக்கு மிஞ்சி நகர்த்தினால் ஏறாமல் படபடக்கும். வால்பக்கம் நகர்த்தினால் இழுவை கூடும். இதைப் பிள்ளைகள் முடிச்சை மாற்றி மாற்றி ஏற்றித் தாங்களே கண்டுபிடிக்கட்டும், அதற்கு நேரம் ஒதுக்குங்கோ.

வாடைக்காற்று:
அக்கா சொன்னதோடு இதையும் சேருங்கோ: ஐயாமாருக்கு விண் கட்டுகிற வேலையைக் கொடுங்கோ, பட்டத்தில் பூட்டினால் காற்றில் கூவுகிற வில்தான் விண். வில்லில் இழுத்துக் கட்டுகிற நாரை ஒரே சீராக மெல்லியதாகச் சுரண்டினால்தான் நன்றாகக் கூவும், அந்தப் பக்குவம் அவர்களின் விரலில் இருக்கிறது, இப்போது பழகாவிட்டால் பிறகு கேட்க ஆள் இருக்காது. முன்பு பனைநார், இப்போது பார்சல் கட்டுகிற நாரும் பாவிக்கலாம்.

அப்புறம் பாதுகாப்பு. மின்கம்பி இல்லாத வெளி, பருத்தி நூல், கம்பியோ உலோக இழையோ கலந்தது வேண்டவே வேண்டாம், மழைத்தூறல் தொடங்கினால் உடனே இறக்குங்கோ. பெரிய பட்டம் கேட்கிற இளைஞர்களுக்கு 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் பெரிய பட்டம் ஒன்று ஒருவரைக் கயிற்றோடு மேலே தூக்கிய காணொளியைக் காட்டுங்கோ. பெரியதை ஏற்றினால் கயிற்றின் அடியை முதலில் மரத்திலோ கட்டையிலோ கட்டவேணும், ஒருவரும் அதை உடம்பில் சுற்றக்கூடாது.

வடமராட்சியான்:
நன்றி அக்கா, அண்ணைமார். அப்படியென்றால் நாலுமூலைதான், பாய்க்கு மூன்று பேர். விண்ணுக்கு இரண்டு ஐயாமாரை இன்றைக்கே போய்க் கேட்கிறேன்.