ஐ7-3770-ஆ, ஐ5-6500-ஆ? குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை

சித்தி: கதிர், கொஞ்சம் பேச முடியுமாப்பா? ரிச்சி தெருவில் நிற்கிறோம். யாழினி காலேஜுக்குக் கம்ப்யூட்டர் வேண்டும். புதுசு நமக்குக் கட்டாது, பழசுதான் பார்க்கிறோம். 12,000-க்கு மேல் போகக்கூடாது என்று சித்தப்பா சொல்லிவிட்டார்.

யாழினி: அண்ணா, கடைக்காரர் இரண்டு காட்டினார். ஒன்றில் இன்டெல் ஐ7-3770 பிராசஸர், 9,500 ரூபாய். இன்னொன்றில் ஐ5-6500, 11,000. இரண்டிலும் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ஆபீஸில் ஓடிய டெல் பெட்டிகள். மானிட்டர் வீட்டில் இருக்கிறது.

முகில்: ஐ7தானே பெரிசு? விலையும் கம்மி. இதில் யோசிக்க என்ன இருக்கு

பெரியப்பா: பெரிசு எப்படிக் கம்மி விலைக்கு வரும்? கதிர் பார்த்துச் சொல்லட்டும்.

கதிர்: வந்துவிட்டேன். சித்தி, அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

கதிர்: முகில், ஐ7, ஐ5 என்பது அந்த வருஷத்து வரிசைக்குள் எது உசத்தி என்று மட்டும்தான் சொல்லும். பின்னால் வரும் எண்ணைப் பார். 3770 மூன்றாம் தலைமுறை, 2012இல் வந்தது. 6500 ஆறாம் தலைமுறை, 2015. புதிதாக வந்தபோது 3770 ஏறத்தாழ 300 டாலர், 6500 ஏறத்தாழ 200 டாலர். ஆக 3770 மட்டமான பொருள் இல்லை, அதன் காலத்தில் பெரிய ஆள்.

முகில்: அப்போ எது வேகம்?

கதிர்: என்ன வேலை என்பதைப் பொறுத்தது. இரண்டிலும் 4 கோர், அதாவது தனித்தனியாகக் கணக்குப் போடும் 4 பகுதிகள். 3770-இல் ஹைப்பர்திரெடிங் உண்டு, அதனால் விண்டோஸுக்கு 8 திரெட், அதாவது ஒரே சமயத்தில் ஓடும் 8 வேலை வரிசைகள், தெரியும். 6500-க்கு அது கிடையாது, 4 திரெட்தான். ஒரு கோர் மெமரியிலிருந்து தகவல் வரக் காத்திருக்கும் இடைவெளியில் இன்னொரு வேலையை உள்ளே நுழைத்துக்கொள்வதுதான் ஹைப்பர்திரெடிங். அதற்காக 8 கோர் ஆகிவிடாது. ஆனால் வீடியோ எக்ஸ்போர்ட், பெரிய ஃபோல்டரை ஜிப் செய்வது மாதிரி எல்லா கோரையும் பிழியும் வேலையில் 3770 கொஞ்சம் முந்தும்.

கதிர்: பிரவுசர், எக்ஸெல், யாழினி எழுதப்போகும் சின்னச் சின்ன பைதான் புரோகிராம் எல்லாம் பெரும்பாலும் ஒரே திரெட்டில் ஓடுபவை. அதில் 6500 ஒரு படி முன்னால். இத்தனைக்கும் 3770 டர்போவில், அதாவது தேவைப்படும்போது தானாக வேகத்தைக் கூட்டும்போது, 3.9 கிகாஹெர்ட்ஸ் தொடும், 6500 3.6 வரைதான் போகும். கிகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை நூறு கோடி சுற்று என்ற கணக்கு. ஒவ்வொரு சுற்றிலும் 6500 கூடுதல் வேலையை முடிப்பதால் ஈடுகட்டிவிடுகிறது.

யாழினி: உட்கார்ந்து வேலை செய்தால் வித்தியாசம் தெரியுமா அண்ணா?

கதிர்: வேகத்தில் தெரியாது. உண்மையைச் சொன்னால், வேகத்தை வைத்து முடிவு செய்யவே வேண்டாம். எனக்கு 3770-இல் உறுத்துவது வேறு.

கதிர்: ஏவிஎக்ஸ்2 என்று ஒரு கட்டளைத் தொகுப்பு. இன்டெல் அதை 2013இல், நான்காம் தலைமுறையில்தான் சேர்த்தது. 6500-இல் இருக்கிறது, 3770-இல் இல்லை. இப்போது வரும் சில கேம்களும் கணக்குப் போடும் மென்பொருட்களும் அது இல்லாவிட்டால் திறக்கவே திறக்காது. மெதுவாக ஓடினால் பொறுத்துக்கொள்ளலாம், திறக்காவிட்டால் என்ன செய்வது? கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பிள்ளைக்கு மூன்றாம் வருஷம் புராஜெக்ட் நேரத்தில் அந்தத் தலைவலி வரக்கூடாது.

பெரியப்பா: கரண்ட் விஷயம் என்ன? 3770-க்கு 77 வாட், 6500-க்கு 65 வாட் என்று நெட்டில் போட்டிருக்கிறது.

கதிர்: அது முழு பாரத்தில் ஓடும்போதைய கணக்கு பெரியப்பா. அப்படியே வைத்துக்கொண்டாலும் 12 வாட் வித்தியாசம், தினம் 6 மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 4 யூனிட் சொச்சம். பில்லில் தெரியாது.

பெரியப்பா: சரி, அதை விடு.

சித்தி: கல்யாண வீடியோ எல்லாம் பார்க்க முடியுமா? சித்தப்பா ஐபோனில் எடுத்ததை இங்கே 3770-இல் போட்டுக் காட்டச் சொன்னோம். நின்று நின்று ஓடுகிறது.

கதிர்: நல்ல வேலை செய்தீர்கள் சித்தி! அது ஹெச்இவிசி என்ற முறையில் சுருக்கிய ஃபைலாக இருக்கும். 3770-க்குள் இருக்கும் ஹெச்டி 4000 கிராபிக்ஸுக்கு அதைப் பிரிக்கத் தெரியாது, முழுப் பாரமும் கோர்கள் தலையில் விழும். 6500-இன் ஹெச்டி 530 சாதாரண 8-பிட் ஹெச்இவிசியைத் தானே பார்த்துக்கொள்ளும். அதே வீடியோவை அதிலும் போட்டுப் பாருங்கள்.

யாழினி: போட்டாச்சு. தங்குதடை இல்லாமல் ஓடுகிறது.

முகில்: நான் வீடியோ எடிட் பண்ணினால்? அப்போ 8 திரெட் வேண்டாமா

கதிர்: நியாயமான கேள்வி. மதர்போர்டில் 6500 உட்காரும் அதே சாக்கெட்டில் ஐ7-6700 உட்காரும். 4 கோர், 8 திரெட், வாட்டும் அதே 65. பிற்பாடு காசு சேரும்போது பழைய 6700 ஒன்றை வாங்கி மாற்றிக்கொள்ளலாம். 3770-இல் அப்படி ஏற வழியில்லை, அந்த சாக்கெட்டின் உச்சிக்குக் கிட்டத்தட்ட அது ஏற்கெனவே வந்தாயிற்று.

முகில்: இது ஓகே

யாழினி: விண்டோஸ் 11 இரண்டிலும் போட்டுத் தருகிறாராம்.

கதிர்: போட முடியும். ஆனால் விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாப்ட் ஏற்கும் பிராசஸர் பட்டியலில் இந்த இரண்டுமே இல்லை. பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் சேர்த்திருக்கிறார்கள். குறுக்கு வழியில் ஏற்றினால் நாளைக்கு அப்டேட் வரும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறை என்ன விலை என்று ஒரு வார்த்தை கேளேன்.

யாழினி: ஐ5-8400 இருக்கிறதாம். 17,000.

சித்தி: அது வேண்டாம்.

கதிர்: சரி, அப்போது விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்வோம். பைதான், சி, ஜாவா எல்லாம் அதில் ஓடும். காலேஜில் விண்டோஸ்தான் வேண்டும் என்று கேட்டால் அப்புறம் பார்க்கலாம்.

பெரியப்பா: அப்படியானால் 1,500 கூடக் கொடுத்து 6500. அதுதானே உன் முடிவு?

கதிர்: ஆமாம் பெரியப்பா. 3770-ஐ 6,000-க்குக் கொடுத்து, தட்டச்சுக்கும் பாட்டுக்கும் மட்டும் என்றால் நானே வாங்கச் சொல்லியிருப்பேன். படிப்புக்கு 6500தான். யாழினி, 6500 பெட்டியின் மாடல் எண் என்ன?

யாழினி: ஆப்டிபிளெக்ஸ் 7040.

கதிர்: அருமை. அதில் டிடிஆர்4 ரேம், எம்.2 என்ற சின்னப் பலகை மாதிரி எஸ்எஸ்டிக்கும் இடம் இருக்கிறது. இப்போது மூடியைக் கழற்றச் சொல். ரேம் ஒரே குச்சியா, இரண்டா?

யாழினி: ஒரே 8 ஜிபி குச்சி.

கதிர்: அதே விலைக்கு இரண்டு 4 ஜிபி போடச் சொல். இரண்டு சேனலில், அதாவது இரண்டு பாதையில், ஓடினால் கிராபிக்ஸுக்கு நல்லது, இன்னும் இரண்டு ஸ்லாட் காலியாகவும் இருக்கும். டிடிஆர்4 விலை ஏறிக் கிடக்கிறது, இப்போது கூடுதலாக வாங்க வேண்டாம். அடுத்து கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற டிஸ்க் சோதிக்கும் மென்பொருளைத் திறந்து எஸ்எஸ்டி எப்படி இருக்கிறது என்று பார்.

யாழினி: 61% என்று காட்டுகிறது. கடைக்காரர் அது போதும் என்கிறார்.

கதிர்: போதாது. பழைய கம்ப்யூட்டரில் பிராசஸர் லேசில் சாகாது, சாவது எஸ்எஸ்டியும் பவர் சப்ளையும்தான். 95%-க்கு மேல் காட்டும் எஸ்எஸ்டி கேள். கோபமாகப் பேசாதே, இதை மாற்றினால் உடனே வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்.

சித்தி: நான் பேசுகிறேன்.

சித்தி: மாற்றிவிட்டார். புது எஸ்எஸ்டி, கவரைப் பிரித்து எங்கள் முன்னாலேயே போட்டார். ரேமும் இரண்டாகிவிட்டது. கூட 300 கேட்டார், கொடுத்துவிட்டேன்.

பெரியப்பா: உன்னை அனுப்பினால்தான் காரியம் நடக்கும்மா.

சித்தி: சும்மா இருங்கள் அத்தான் 😄

கதிர்: 11,300-க்கு இது நல்ல வியாபாரம் சித்தி. பில்லில் பிராசஸர் பெயர், சீரியல் எண், வாரன்டி எத்தனை மாதம் என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள். வாய் வார்த்தை வேண்டாம். யாழினி, கிளம்பும் முன் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு.

யாழினி: (படம்) ஐ5-6500, 3.20 கிகாஹெர்ட்ஸ், கோர் 4. சரிதானே? தேதி மட்டும் 2016 ஜனவரி என்று நிற்கிறது.

கதிர்: சரி. தேதிக்கு மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 செல் தீர்ந்திருக்கும். அதையும் அங்கேயே மாற்றச் சொல். கையோடு பிராசஸர் மேலே சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்டைத் துடைத்துப் புதிதாகத் தடவித் தரச் சொல். இத்தனை வருஷத்தில் காய்ந்து போயிருக்கும், வெயில் காலத்தில் சூடேறினால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

யாழினி: இரண்டும் செய்கிறார். மின்ட் எப்போது போடுவது?

கதிர்: நாளை சாயங்காலம் 7 மணிக்கு வீடியோ கால் போடுகிறேன். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றைக் காலி செய்து வை. உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும், வேண்டியதை முதலில் எடுத்துக்கொள்.

முகில்: என் பென்டிரைவைத் தொடாதே யாழினி

சித்தி: இரண்டு பேரும் வாருங்கள், ஆட்டோ நிற்கிறது.