டிவிஷன் 3 கூடைப்பந்து அணியில் இடம்: எங்கள் வீட்டு அனுபவம்

மிச்சிகனிலிருந்து ஒரு தாய்:

எங்கள் மகள் ஒஹாயோவிலுள்ள ஒரு சிறிய கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பின் மூன்று பிரிவுகளில் மூன்றாவதான டிவிஷன் 3இல் அது இருக்கிறது. அங்கே கூடைப்பந்து அணியில் பாயிண்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை வழிநடத்துபவளாக, ஆடுகிறாள். அந்த இடம் உறுதியாவதற்குள் நாங்கள் தவறாகப் புரிந்துகொண்டவற்றை, இப்போது பதினோராம் வகுப்பில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

பதினோராம் வகுப்பு முடிந்த கோடையில் இண்டியானாபொலிஸில் ஒரு கிளப் போட்டி நடந்தது. ஒரே கூரையின் கீழ் எட்டு ஆடுகளங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் கல்லூரிப் பெயர் பொறித்த சட்டையோடு பயிற்சியாளர்கள் மடக்கு நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். அடுத்த வாரத்துக்குள் 14 கல்லூரிகளிடமிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. "உங்கள் ஆட்டம் எங்களுக்குப் பிடித்திருக்கிறது" என்று அவர்கள் எழுதியிருந்ததை, "இடம் தருகிறோம்" என்றே நானும் என் கணவரும் படித்தோம். செப்டம்பர் முடியும்போது தொடர்பில் இருந்தவை மூன்று கல்லூரிகள்தாம்.

அவற்றில் ஒன்றுக்கு நேரில் சென்றிருந்தோம். பயிற்சியாளர் மிகுந்த அன்போடு வரவேற்று, அணியின் சீருடையை மகளுக்கு அணிவித்துப் புகைப்படம் எடுத்துக்கொடுத்தார். அக்டோபருக்குப் பிறகு அவரிடமிருந்து பதிலே இல்லை. அவர் தேடிய கார்டு ஆட்டக்காரர்களின் பட்டியலில் எங்கள் மகள் மூன்றாவதாக இருந்தாள் என்பதும், முதலிலிருந்த பெண் சம்மதித்துவிட்டாள் என்பதும் வேறொருவர் வழியாகப் பின்னர்தான் தெரிந்தன. அவர் பட்டியல் வைத்திருந்ததில் எனக்குக் குறையில்லை. ஆனால் 17 வயதுப் பெண் ஒவ்வொரு மாலையும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டவள் என்ற முறையில், ஒரு வரி எழுதியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

இப்போது அவள் ஆடும் கல்லூரியின் பயிற்சியாளர் முதல் உரையாடலிலேயே வெளிப்படையாகப் பேசினார். "இந்த ஆண்டு எனக்கு இரண்டு கார்டுகள் தேவை, நீ என் பட்டியலில் இரண்டாவது, முதல் ஆண்டில் நீ அதிகம் ஆட வாய்ப்பில்லை" என்றார். மகளின் முகம் வாடியது உண்மைதான். ஆனாலும் நாங்கள் அதற்குப் பிறகுதான் நிம்மதியாகத் திட்டமிட முடிந்தது. அவரே மதிப்பெண் பட்டியலை வாங்கிச் சேர்க்கை அலுவலகத்தின் முன்பார்வைக்கு, அதாவது இடம் கிடைக்க வாய்ப்புண்டா என்று முன்கூட்டியே பார்ப்பதற்கு, அனுப்பினார். அங்கிருந்து சாதகமான பதில் வந்தாலும் அது வாக்குறுதி ஆகாது. டிவிஷன் 3இல் மாணவர் கையொப்பமிட்டுப் படமெடுத்துக்கொள்ளும் தாளும் கல்லூரியைக் கட்டுப்படுத்தாது. சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த பிறகே இடம் உறுதி.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் வீட்டில் அதிகக் குழப்பம் அதில்தான் நேர்ந்தது. டிவிஷன் 3 கல்லூரிகள் விளையாட்டுக்காக உதவித்தொகை தரக்கூடாது என்பது என்.சி.ஏ.ஏ.வின் விதி. பயிற்சியாளர் எவ்வளவு விரும்பினாலும் கட்டணத்தில் ஒரு டாலரைக்கூட அவரால் குறைக்க முடியாது. மதிப்பெண்ணுக்கு ஓர் உதவி, குடும்ப வருமானத்தைப் பொறுத்து ஓர் உதவி என்று கல்லூரி தருவது அனைத்தும் வேறு அலுவலகத்தின் முடிவு. ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும், உதவிகள் போக நாம் கட்ட வேண்டிய தொகையைக் கணித்துச் சொல்லும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கிறது. எங்கள் மகள் விரும்பிய இரண்டு கல்லூரிகளுக்கு அதில் கிடைத்த தொகைகளுக்கிடையே ஆண்டுக்கு 17,000 டாலர் வேறுபாடு இருந்தது. பயண ஏற்பாட்டுக்கு முன்பே அதைப் பார்த்திருந்தால் ஒரு பயணத்தைத் தவிர்த்திருப்போம்.

டிவிஷன் 3ஐத் தாழ்ந்த நிலை ஆட்டம் என்று எண்ணுவோரும் நம்மிடையே உண்டு. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மகளிர் அணி 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் டிவிஷன் 3 பட்டத்தை வென்றது. என்.பி.ஏ. என்ற தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் மயாமி ஹீட் அணிக்கு ஆடிய டங்கன் ராபின்சன் தம் முதல் கல்லூரி ஆண்டை வில்லியம்ஸ் என்ற டிவிஷன் 3 கல்லூரியில்தான் ஆடினார்.

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தந்தை:

சகோதரி எழுதியிருப்பதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். என் மகனுக்கு என்.சி.ஏ.ஏ.வின் இரண்டாம் பிரிவான டிவிஷன் 2 கல்லூரிகள் சில எழுதிக்கொண்டிருந்தன. பன்னிரண்டாம் வகுப்பின் வசந்த காலத்தில் அனைத்தும் ஓய்ந்துவிட்டன. காரணம் பின்னர்தான் புரிந்தது. கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்பர் போர்ட்டல் 2018இல் வந்தது. 2021இலிருந்து ஓராண்டு காத்திருக்காமலேயே கல்லூரி மாறி ஆடலாம் என்றானது. கல்லூரியில் ஏற்கெனவே ஆடிய 21 வயது இளைஞர் கிடைக்கும்போது, பள்ளியிலிருந்து வரும் 18 வயதுப் பையனுக்காகப் பயிற்சியாளர் ஏன் காத்திருக்க வேண்டும்?

கல்லூரிகளோடு இணைத்துவைப்பதாகச் சொன்ன ஒரு நிறுவனத்துக்கு 2,000 டாலருக்கு மேல் கட்டினோம். ஒரே கடிதத்தை நூற்றுக்கணக்கான முகவரிகளுக்கு அனுப்பியதைத் தவிர அவர்கள் எதுவும் செய்யவில்லை. பலன் தந்தது மகன் தானே எழுதிய கடிதங்கள்தாம். தலைமைப் பயிற்சியாளருக்கு எழுதாமல் துணைப் பயிற்சியாளர்களுக்கு எழுதினான். அவர்கள் அணியில் எந்தெந்த ஆட்டக்காரர்கள் அடுத்த ஆண்டு பட்டம் பெற்று வெளியேறுகிறார்கள் என்பதைப் பார்த்து எழுதினான். தேர்ந்தெடுத்த காட்சிகளோடு ஒரு முழு ஆட்டத்தின் பதிவையும் இணைத்தான். என்.சி.ஏ.ஏ.வுக்கு வெளியே இயங்கும் என்.ஏ.ஐ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பைச் சேர்ந்த ஒரு கல்லூரி பகுதி உதவித்தொகையோடு அவனை எடுத்துக்கொண்டது. அந்த அமைப்பில் விளையாட்டுக்கு உதவித்தொகை உண்டு என்பது நம்மவர் பலருக்குத் தெரிவதில்லை.

பாஸ்டனிலிருந்து, முன்னாள் ஆட்டக்காரி:

நான் மாசசூசெட்ஸில் ஒரு டிவிஷன் 3 கல்லூரியில் ஆடினேன். இரண்டாம் ஆண்டு டிசம்பரில் முழங்கால் தசைநார் அறுந்தது. அதற்குப் பிறகு நான் களம் இறங்கவே இல்லை. மருத்துவமனையிலேயே அம்மா கேட்ட முதல் கேள்வி, "உதவித்தொகையை நிறுத்திவிடுவார்களா?" என்பதுதான். அது விளையாட்டோடு பிணைக்கப்படாத தொகை என்பதால் ஒரு டாலரும் குறையவில்லை. ஆய்வகத்துக்காகவே அந்தக் கல்லூரியை எனக்குப் பிடித்திருந்தது. அதனால் மாறும் எண்ணமும் வரவில்லை. உயிரியலில் பட்டம் பெற்றேன்.

கல்லூரியைப் பார்க்கச் செல்லும்போது அணிப் பெண்களோடு ஓர் இரவு தங்க ஏற்பாடு செய்யுங்கள். பெற்றோர் விடுதியறைக்கு வர வேண்டாம். பயிற்சியாளர் அறையில் இல்லாத அந்த நேரத்தில், கடந்த இரண்டு ஆண்டுகளில் அணியை விட்டு விலகியவர்கள் எத்தனை பேர், ஏன் விலகினார்கள் என்று உங்கள் மகள் கேட்கட்டும். நான் கேட்டபோது மூன்றாம் ஆண்டு அக்கா ஒருவர் கதவைச் சாத்திவிட்டு வந்து, ஒரு மணி நேரம் பொறுமையாகப் பதில் சொன்னார்.