வாய்விட்டுச் சரளமாக வாசிக்கிறான், ஆனால் ஒன்றும் தங்கவில்லை. இது கவனக் கோளாறா?

காகிதக்கப்பல்:

மகனுக்கு 13 வயது. வாசிக்கச் சொன்னால் தங்குதடையில்லாமல் வாசிப்பான், ஒரு எழுத்து பிசகாது. ஆனால் பாடப்புத்தகத்தோடு உட்கார்ந்தால் ஐந்து நிமிடம்தான், அதற்குள் காலை ஆட்ட ஆரம்பித்துவிடுவான், பேனா மூடியைக் கடிப்பான், தண்ணீர் குடிக்க எழுந்து போவான், போனவன் திரும்பி வர கால் மணி நேரம். நேற்று அறிவியலில் சவ்வூடு பரவல், அதுதான் ஆஸ்மாசிஸ். "செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு மிகுந்த கரைசலை நோக்கி" என்று மூன்று தடவை வாசித்தான். புத்தகத்தை மூடிவிட்டு என்னடா புரிந்தது என்றேன். "ஏதோ நகரும்பா" என்றான். எது நகரும், எங்கிருந்து எங்கே போகும், அதெல்லாம் கிடையாது.

வீட்டில் ஆளுக்கொரு தீர்ப்பு. மனைவி போன்தான் காரணம் என்கிறாள். என் தம்பி, இந்தத் தலைமுறைக்கே கவனம் எட்டு வினாடிதான், தங்கமீனுக்குக்கூட ஒன்பது வினாடி என்கிறான். நண்பர் ஒருவர் ஏடிஎச்டி என்ற கவனக் கோளாறு இருக்கிறதா என்று பாருங்கள் என்றார், அன்றிலிருந்து எனக்குத்தான் தூக்கம் போனது. உளவியல் ஆய்வுகள் இதைப் பற்றி உண்மையில் என்ன சொல்கின்றன? போனைப் பிடுங்கச் சொல்லாதீர்கள், அதைச் செய்து பார்த்தாகிவிட்டது, மூன்று நாள் வீடு ரணகளமானதுதான் மிச்சம்.

சொல்லடுக்கு:

முதலில் அந்தத் தங்கமீனைக் குளத்தில் விட்டுவிடுங்கள். 2015இல் மைக்ரோசாஃப்ட் கனடா விளம்பரதாரர்களுக்காகப் போட்ட ஓர் அறிக்கையால் பரவிய எண் அது. அவர்களே அளந்ததும் இல்லை, வேறெங்கிருந்தோ எடுத்துப் போட்டது. மூலத்தைத் தேடிப் போன பத்திரிகையாளர்களுக்கு அந்த எண்ணுக்குப் பின்னால் எந்த ஆய்வும் கிடைக்கவில்லை.

நான் வாசிப்பில் தடுமாறும் பிள்ளைகளோடு வேலை செய்கிறவள். நீங்கள் எழுதியதில் எனக்குக் கண்ணில் பட்டது காலாட்டுவது இல்லை, "ஏதோ நகரும்பா" என்ற பதில்தான். அவன் வாக்கியத்தின் வினைச்சொல்லைப் பிடித்துவிட்டான். அப்படியானால் கவனம் அங்கேதான் இருந்திருக்கிறது. மற்ற சொற்கள்தான் அவனுக்குப் பிடி கொடுக்கவில்லை.

1986இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எளிமையாக ஒரு கணக்குப் போட்டார்கள்: வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்கும் திறனையும், அந்த மொழியைக் காதால் கேட்டால் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒரு பக்கம் நூற்றுக்கு நூறு இருந்தாலும் மறுபக்கம் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் விடையும் அங்கேதான் போய் நிற்கும். உங்கள் மகன் முதல் பாதியில் கெட்டிக்காரன், அதனாலேயே இரண்டாவது பாதியை யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். சரளமாக வாசிக்கிற பிள்ளைக்குப் புரியாமல் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

இதோடு 1988இல் ரெக்ட், லெஸ்லி இருவரும் செய்ததையும் சேர்த்துப் பாருங்கள். ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 64 பேரிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியைக் கொடுத்து, படித்ததை மரப் பொம்மைகளை நகர்த்தி நடத்திக் காட்டச் சொன்னார்கள். வாசிப்புத் தேர்வில் பின்தங்கியிருந்தாலும் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளைவிட நன்றாகச் செய்தார்கள். அவர்களை "மந்தமாக வாசிப்பவர்கள்" என்று அதுவரை எழுதி வைத்திருந்த தாளை என்ன செய்வது?

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். அதே பக்கத்தை நீங்கள் நிதானமாக வாசியுங்கள், அவன் கேட்கட்டும். கேட்டால் புரிகிறது, வாசித்தால் புரியவில்லை என்றால் கோளாறு எழுத்துப் பக்கம். கேட்டாலும் புரியவில்லை என்றால் சொல், பின்னணி அறிவு. அவனுக்குப் பிடித்த விஷயத்தைப் பற்றிய பத்தியிலும் இதே கதை என்றால் அப்போது கவனத்தைப் பற்றிப் பேசலாம்.

இரவுவெளிச்சம்:

சொல்லடுக்கு சொல்வது சரிதான், ஆனால் போனுக்கு இவ்வளவு சுலபமாக விடுதலை கொடுக்க வேண்டாம். கலிஃபோர்னியாவில் குளோரியா மார்க், ஆட்கள் ஒரு திரையில் எவ்வளவு நேரம் நின்றுவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறார்கள் என்று பல வருடமாக அளந்து வருகிறார். 2004இல் சராசரி இரண்டரை நிமிடம், சமீப வருடங்களில் 47 வினாடி. ஆனால் அளந்தது பெரும்பாலும் அலுவலகத்தில் வேலை செய்கிற பெரியவர்களை, பிள்ளைகளை இல்லை. இன்னொன்று, இது தாவும் பழக்கத்தின் அளவு, கவனிக்கும் திறனின் அளவு இல்லை. இதே 47 வினாடி ஆசாமி பிடித்த தொடரை மூன்று மணி நேரம் அசையாமல் பார்ப்பார்.

போன் மேஜைமேல் சும்மா கிடந்தாலே மூளையின் திறன் குறைகிறது என்று 2017இல் ஓர் ஆய்வு வந்து உலகம் பூராவும் சுற்றியது. பிறகு மற்றவர்கள் திரும்பச் செய்தபோது சிலருக்கு அந்த விளைவு வந்தது, சிலருக்கு வரவில்லை. அதனால் நான் அதை மேற்கோள் காட்டுவதையே விட்டுவிட்டேன். கொஞ்சம் உறுதியாகச் சொல்லக்கூடியது காகிதமா திரையா என்ற கேள்விதான். 2018இல் டெல்காடோ குழு 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, மொத்தம் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்கு மேல். காகிதத்தில் படித்தவர்களுக்குப் புரிதல் சற்றே கூடுதல், அதுவும் தகவல் சார்ந்த பாடங்களில், நேரக் கெடுபிடி இருக்கும்போது. வெறும் கதை என்றால் வித்தியாசம் தெரியவில்லை. பையன் பாடத்தைத் திரையில் படிக்கிறானா, புத்தகத்திலா? கேள்வியில் புத்தகம் என்று இருக்கிறது, அப்படியானால் இந்தப் பத்தியை நான் எழுதியதே வீண்.

வால்நட்சத்திரம்:

எனக்கு 17 வயது, உள்ளேயிருந்து சொல்கிறேன் அங்கிள். கண் வரிவரியாகப் போய்க்கொண்டே இருக்கும், பக்கத்தைக்கூடக் கை சரியாகத் திருப்பும், ஆனால் நான் அங்கே இருக்க மாட்டேன். எங்கே விட்டேன் என்று தேடினால் கிட்டத்தட்ட எப்போதும் தெரியாத ஒரு சொல்தான், அதைத் தாண்டிப் போனால் அப்புறம் புரியும் என்று நினைத்துத் தாண்டுவேன், அடுத்த வரி அந்தச் சொல்லின் மேல்தான் நிற்கும், அதையும் தாண்டுவேன், அதற்கப்புறம் வெறும் கண் உடற்பயிற்சிதான். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். வாசிக்கிற மாதிரி நடிக்கவும் பாதி மூளை போய்விடும்.

சொல்லடுக்கு:

வால்நட்சத்திரம் சொன்னதை ஆய்வகத்திலேயே பிடித்திருக்கிறார்கள். சாதாரணமாக வாசிக்கும்போது கண் ஓரிடத்தில் கால் வினாடி போல நின்று நின்று தாவும், அபூர்வமான சொல்லில் கூடுதல் நேரம் நிற்கும், பழகிய சொல்லைச் சட்டென்று கடந்துவிடும். 2010இல் ரைக்லேயும் உடன் இருந்தவர்களும் ஒரு முழு நாவலைக் கொடுத்து வாசிக்கவைத்துக் கண்ணின் அசைவைப் பதிவு செய்தார்கள். மனம் வேறெங்கோ போயிருந்த நேரங்களில் கண் நிற்கும் நேரம் நீண்டது, அதே சமயம் சொல் கடினமா சுலபமா என்பது கண்ணைப் பாதிப்பது குறைந்துபோனது. அதாவது பார்வை போகிறது, சொல் உள்ளே இறங்கவில்லை. வெளியிலிருந்து பார்க்கிற அப்பாவுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இன்னொன்று, நம் ஊர்ப்பேச்சிலிருந்து எழுத்துத்தமிழ் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். அரபு மொழிக்கும் இதே சிக்கல். வீட்டில் பேசுவது ஒன்று, புத்தகத்தில் இருப்பது இன்னொன்று. வீட்டுப் பேச்சில் இல்லாத ஒலிகளைப் பிரித்துக் கேட்பதே சின்னப் பிள்ளைகளுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று சையெக்-ஹத்தாத் 2003இலேயே காட்டினார். 13 வயதுக்கு ஒலி பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் "செறிவு", "ஊடு" எல்லாம் வாழ்நாளில் யாரும் பேசி அவன் காதில் விழுந்திருக்காது.

இரவுவெளிச்சம்:

வயதைப் பற்றி ஒரு வேடிக்கை. 2015இல் 10 முதல் 70 வயது வரை பத்தாயிரம் பேருக்கு மேல் இணையம் வழியாகத் தொடர்கவனச் சோதனை, அதாவது ஒரே வேலையில் கவனம் எவ்வளவு நிலைக்கிறது என்ற சோதனை, செய்தார்கள். உச்சம் எந்த வயதில் தெரியுமா? 43 வாக்கில். ஆகவே காகிதக்கப்பல் சார், நீங்கள் அந்த வயதை ஒட்டி இருந்தால், உங்கள் உச்சத்தில் நின்றுகொண்டு ஏறிக்கொண்டிருக்கிறவனைப் பார்த்து ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கிறீர்கள்.

மெல்லப்பேசு:

ஏடிஎச்டி பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் அது இருக்கிறது. பாடப்புத்தகத்தில் மட்டும் கவனம் இல்லை என்பது போதாது. குறைந்தது ஆறு மாதம் நீடிக்க வேண்டும், வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தெரிய வேண்டும், 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் சில இருந்திருக்க வேண்டும். அதற்காக அலட்சியமும் வேண்டாம். குதித்து ஓடாமல் சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிற வகைப் பிள்ளைகளைத்தான் எல்லாரும் தவறவிடுகிறார்கள், எங்கள் மகளையும் அப்படித்தான் நான்கு வருடம் தவறவிட்டோம், சோம்பேறி என்று திட்டிக்கொண்டே. சொல்லடுக்கு சொன்ன சோதனையில் எல்லாப் பக்கமும் அடைபட்டால் தயங்காமல் மருத்துவரிடம் போங்கள்.

காகிதக்கப்பல்:

எல்லாருக்கும் நன்றி, வயது 44, உச்சம் தாண்டிவிட்டேன் போல.

நேற்று நானே வாசித்துக் காட்டினேன். கேட்டும் புரியவில்லை. சரி என்று புத்தகத்தை வைத்துவிட்டு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். பரவல் தெரியும், நோய்ப்பரவல் என்று செய்தியில் கேட்டிருக்கிறான். சவ்வு தெரியும். ஊடு என்றால் வழியாக என்பது தெரியாது. செறிவு என்றால் கரைசலில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பது, அவனோ "செழிப்பு மாதிரி ஏதோ" என்றான். அப்படி வைத்துக்கொண்டு அந்த வாக்கியத்தைத் திரும்ப வாசித்துப் பார்த்தேன், எனக்கே ஒன்றும் புரியவில்லை! வாடித் தொங்கும் செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் ஏன் நிமிர்கிறது என்று அங்கிருந்து ஆரம்பித்தேன். இரண்டு கட்டம் வரைந்து நடுவில் கோடு போட்டான், கரைந்த பொருளுக்கு ஒரு பக்கம் நிறையப் புள்ளி, இன்னொரு பக்கம் கொஞ்சம். இவ்வளவு நாளாக அந்தப் புள்ளிகள்தான் கோட்டைத் தாண்டுகின்றன என்று நினைத்திருக்கிறான். தாண்டுவது தண்ணீர் என்றதும், "அப்ப தண்ணி எங்க கம்மியா இருக்கோ அங்க போகுது, அதைச் சொல்ல வேண்டியதுதானே" என்று புத்தகத்தின்மேல் கோபப்பட்டான். முக்கால் மணி நேரம் எழுந்து போகவில்லை.

இதை அடுத்த வாரமும் மறக்காமல் இருக்க என்ன செய்வது?

சொல்லடுக்கு:

திரும்ப வாசிக்கச் சொல்லாதீர்கள், புத்தகம் இல்லாமல் சொல்லச் சொல்லுங்கள். 2006இல் ரோடிகர், கார்பிக் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் பார்த்தது இது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்து அது தலைகீழ்: மறுபடி வாசித்தவர்களுக்கு 42 சதவீதம் நினைவிருந்தது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. அந்த இரண்டு கட்டத்தை வெள்ளிக்கிழமை வெறும் தாளில் வரையச் சொல்லுங்கள், போதும்.

வால்நட்சத்திரம்:

அந்த முக்கால் மணி நேரமும் காலை ஆட்டவில்லையா அங்கிள்?

காகிதக்கப்பல்:

ஆட்டினான். பேனா மூடியும் வாயில்தான் இருந்தது.